கச்சான் வீசும் மாதங்கள்: ஊவா மலையிலிருந்து மட்டக்களப்புக் கரை வரை

இலங்கையின் கிழக்குச் சரிவில் வாழ்பவர்களுக்கு மே மாதக் கடைசியிலிருந்து செப்டெம்பர் வரையான காலம் கச்சான் என்னும் உலர்காற்றின் காலம். கொழும்பிலும் இரத்தினபுரியிலும் ஹட்டனிலும் தென்மேல் பருவமழை கொட்டிக்கொண்டிருக்கும் அதே நாட்களில், மத்திய மலைத்தொடரைக் கடந்து ஊவாப் பள்ளத்தாக்குகளில் இறங்கி, பிபிலை, மகாஓயாப் பக்கத்துக் காடுகளைத் தாண்டி, மட்டக்களப்பு வாவியின் மேலாகக் கடலுக்குள் போய்ச் சேரும் அந்தக் காற்றில் மழையின் சுவடே இருக்காது. பண்டாரவளைப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்து, ஊவாவின் தேயிலைத் தொழிற்சாலைகளில் உத்தியோகம் பார்த்து, மட்டக்களப்பில் பெண்ணெடுத்தவன் என்ற வகையில், இந்தக் காற்று இறங்கத் தொடங்கும் இடமும் அது நிலத்தை விட்டு நீங்கும் இடமும் எனக்கு வீட்டு முற்றங்களாகவே அமைந்துவிட்டன. கச்சானைப் பற்றிப் பேசும் எவரும் முதலில் அதன் சூட்டைத்தான் சொல்வார்கள். சூடு உண்மைதான்; ஆனால் சித்திரை மாதத்திலும் மட்டக்களப்பில் வெப்பமானி ஏறக்குறைய அதே அளவைத்தான் காட்டுகிறது, அப்போது காடு எரிவதில்லை, பறித்த கொழுந்து சில மணி நேரத்தில் சருகாவதில்லை. கச்சானை வெப்பமானியால் அளப்பவர் பாதியைத்தான் அளக்கிறார் என்பதும், அதன் நன்மை தீமை எல்லாம் அதன் வறட்சியிலும் இரவிலும் ஓயாத அதன் இயல்பிலும் அடங்கியிருக்கின்றன என்பதும் நான் கண்டறிந்தவை. வீட்டிலும் வேலையிலும் நான் கைக்கொள்ளும் ஏற்பாடுகள் எல்லாம் இந்த ஒரு புரிதலிலிருந்து வந்தவையே.

காற்று மாறும் இடத்தைக் கண்ணால் காண விரும்புபவர் யூலை மாதத்தில் ஹட்டனிலிருந்து பதுளைக்குப் புகையிரதத்தில் போக வேண்டும். ஹட்டனுக்குச் சற்று மேற்கேயுள்ள வட்டவளையில் ஆண்டுக்கு 5000 மில்லிமீற்றருக்கும் மேல் மழை பெய்கிறது. அந்தப் பக்கத்தில் யூலையில் யன்னலைத் திறக்க முடியாது. நானுஓயாவைக் கடந்து, நாட்டின் மிக உயரமான நிலையமான பட்டிப்பொலவில் வண்டி நிற்கும்போதும் பெரும்பாலும் மூடுபனியும் தூறலுமாகவே இருக்கும். அதற்கப்பால் நுவரெலியா மாவட்டத்தையும் பதுளை மாவட்டத்தையும் பிரிக்கும் சுரங்கத்துக்குள் நுழைந்து ஒஹிய பக்கம் வெளிவரும்போது, பல நாட்களில் வெயில் கண்ணைக் கூசச் செய்யும். இதல்கஸ்ஹின்னவைத் தாண்டி ஹப்புத்தளைக்கு வருவதற்குள் குளிருக்குப் போட்டிருந்த கம்பளிச் சட்டையைக் கழற்றிவிடுவார்கள். சிறுவயதில் இதை ஒரு விந்தையென்று பார்த்துக்கொண்டிருந்தேன். இதன் கணக்கைத் தொழிற்சாலைக்கு வந்த பிறகுதான் ஒழுங்காகக் கற்றுக்கொண்டேன்.

கணக்கு எளிதானது. மேற்குக் கரையில் 27 பாகை செல்சியஸ் வெப்பத்தில் புறப்படும் ஈரக் காற்று மலையில் ஏறும்போது முதலில் 1000 மீற்றருக்கு ஏறத்தாழ 10 பாகை வீதம் குளிர்கிறது. 500 மீற்றர் அளவில் 22 பாகைக்கு வந்து முகிலாகத் தொடங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். நீராவி நீராக மாறும்போது தன்னுள் ஒளித்து வைத்திருந்த வெப்பத்தை விட்டுவிடுவதால், அதற்கு மேல் காற்று குளிரும் வேகம் பாதியாகக் குறைந்துவிடுகிறது. 1900 மீற்றர் உயரத்து முகட்டை அடையும்போது அதன் வெப்பம் ஏறத்தாழ 15 பாகை. நீரை மேற்குச் சரிவிலேயே மழையாகக் கொட்டிவிட்டு இறங்கும் காற்றுக்குக் குளிர்ச்சியைத் தக்கவைக்க ஈரம் இல்லை. இறங்கும் வழி முழுவதும் 1000 மீற்றருக்கு 10 பாகை என்ற முழு வேகத்தில் சூடேறிக் கிழக்குக் கரைக்கு 34 பாகையாக வந்து சேர்கிறது. புறப்பட்டபோது ஈரத்தால் நிறைந்திருந்த அதே காற்றின் சார்ந்த ஈரப்பதன் இப்போது 40 விழுக்காட்டை ஒட்டி நிற்கும். அல்ப்ஸ் மலைகளில் ஃபோன் என்றும் வட அமெரிக்காவின் றொக்கி மலைகளுக்குக் கிழக்கே சினூக் என்றும் வழங்கும் காற்றுகளின் சூடு சகாராவிலிருந்தோ வேறெங்கிருந்தோ வருவதல்ல, இறங்குவதாலேயே பிறப்பது என்பதை ஆஸ்திரிய வானிலையியலாளர் யூலியஸ் ஹான் 1866இல் விளக்கினார். மழை பெய்யாமலே இக்காற்று உண்டாவதும் உண்டு: தாழ்ந்த ஈரக் காற்றை மலை மறித்துவிட, மேலே இருந்த உலர்ந்த காற்று மட்டும் முகட்டைத் தாண்டி இறங்கும். அதனால் நுவரெலியாவில் மழை இல்லையென்பதை வைத்துப் பதுளைக்காரர் ஆறுதல் அடைய முடியாது.

வானொலி அறிவிப்பைவிட முகட்டு முகிலையே நான் நம்புகிறேன். ஊவாப் பக்கத்திலிருந்து மேற்கே பார்க்கும்போது, ஹோட்டன் சமவெளிப் பக்கத்து முகடுகளின் மேல் வெண்முகில் ஒரு மதிலைப் போல உட்கார்ந்திருக்கும். அதன் விளிம்பு நம் பக்கம் வழிந்து, சிறிது தூரம் இறங்குவதற்குள் கரைந்து மறைந்துகொண்டேயிருக்கும். அந்த விளிம்பு கூர்மையாகவும், நம் தலைக்கு மேல் வானம் தெளிவாகவும், உயரத்தில் வில்லை வடிவ முகில்கள் இடம் பெயராமலும் நின்றால், காற்று முழுப் பலத்துடன் இறங்குகிறது என்று பொருள். முகில் மதில் தளர்ந்து, பஞ்சு பஞ்சாகப் பிரிந்து ஊவாவின் மேலாக மிதந்து வரத் தொடங்கினால் ஓரிரு நாட்களுக்குத் தணிவு உண்டு. காலையில் பல் துலக்கும்போதே பார்த்துவிடக்கூடிய இந்த அறிகுறியைத் தோட்டத்துப் பெரியவர்கள் எல்லோரும் அறிந்திருந்தார்கள். இப்போதுள்ள பிள்ளைகள் கைத்தொலைபேசியைப் பார்க்கிறார்கள், அது பக்கத்து மாவட்டத்தின் மழையை நமக்கும் சேர்த்துச் சொல்லிவிடுகிறது.

வறட்சியை அளப்பதற்குத் தேயிலைத் தொழிற்சாலை எனக்குக் கொடுத்த கருவி உலர்குமிழும் ஈரக்குமிழும் அருகருகே பொருத்திய வெப்பமானி. ஒன்றின் குமிழை ஈரத்துணித் திரி சுற்றியிருக்கும். நீர் ஆவியாகுமளவுக்கு அது குளிர்ந்து காட்டும். மழைக்காலத்தில் இரண்டுக்கும் இடையே ஒரு பாகைகூட வேறுபாடு இராது. கச்சான் கடுமையாக இறங்கும் பகல்களில், தாழ்ந்த பகுதிகளில் அந்த வேறுபாடு 10 பாகையை எட்டும். இரண்டு சாதாரண வெப்பமானிகளும், பருத்தித் திரியும், சிறிய தண்ணீர்ப் போத்தலும் இருந்தால் எவரும் வீட்டிலேயே இதைச் செய்துகொள்ளலாம்; திரி அழுக்கில்லாமலும் நிழலில் காற்றோட்டமாகவும் இருக்க வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை. ஐந்து பாகைக்கு மேல் வேறுபாடு போனால் தோட்டத்தில் குப்பை எரிப்பதில்லை என்பது எங்கள் வீட்டு ஒழுங்கு. அந்த ஐந்து என் சொந்த அனுபவத்தில் நான் வைத்துக்கொண்ட எல்லை. எந்த நூலிலும் எழுதப்பட்டதல்ல.

ஊவாத் தேயிலையின் பெயர் உலகெங்கும் பரவியதற்கு இந்தக் காற்றே காரணம். யூலையிலிருந்து செப்டெம்பர் வரை பகலில் உலர்காற்றும் இரவில் குளிரும் மாறி மாறித் தாக்கும்போது, செடி துளிர்ப்பதைக் குறைத்துக்கொண்டு, இருக்கும் துளிரில் நறுமணப் பொருள்களைச் செறியவைக்கிறது. அவற்றுள் மெதைல் சாலிசிலேற்று என்னும் பொருளே ஊவாத் தேநீருக்கு உரிய, புதினாவை நினைவூட்டும் அந்தக் குளிர்ந்த மணத்தைத் தருகிறது. கொழும்பு ஏலத்தில் அந்த வாரங்களில் நல்ல தொழிற்சாலைகளின் விலை ஏறும். ஆனால் கொழுந்து குறைவதாலேயே மணம் கூடுகிறது. பறிக்கும் நிறையைப் பார்த்துக் கூலி எண்ணப்படும் பெண்களுக்கு அந்தக் குறைவு மட்டுமே போய்ச் சேருகிறது, ஏற்றம் போய்ச் சேருவதில்லை. பருவத்தின் புகழைப் பாடும் எவரும் இதைச் சேர்த்துச் சொல்வதை நான் கேட்டதில்லை.

அந்த மணம் தானாகத் தேயிலைக்குள் வந்துவிடுவதும் இல்லை. பறித்த கொழுந்தை வாட்டும் தொட்டிகளில் பரப்பிக் காற்று ஊதி, நீரில் ஒரு பங்கை வெளியேற்றுவது முதல் வேலை. மழை மாதங்களில் அடுப்பின் சூட்டுக் காற்றைக் கலந்தாலும் வாட்டல் நகராது. கச்சான் நாட்களிலோ அது தறிகெட்டு ஓடும். இலையின் விளிம்பு நொறுங்கத் தொடங்கியிருக்கும், காம்பில் நீர் அப்படியே நிற்கும். தொட்டுப் பார்ப்பவர் வாட்டல் முடிந்ததென்று நினைத்து உருட்டுக்கு அனுப்பினால் தூளில் மணமும் இராது, கெட்டித்தன்மையும் இராது. இலைக்குள் நடக்க வேண்டிய இரசாயன மாற்றங்களுக்கு வறட்சியைவிட நேரம்தான் தேவை. ஆகவே அந்த மாதங்களில் கொழுந்தைச் சற்றுத் தடிப்பாகப் பரப்பி, சூட்டுக் காற்றை முற்றாக நிறுத்தி, விசிறிகளை விட்டு விட்டு ஓட்டுவோம். காற்றுப் பக்கத்து யன்னல்களைச் சாத்தி, மறுபக்கத்து யன்னல்களை மட்டும் திறந்து வைப்போம். நொதிக்க வைக்கும் அறையில் நேரெதிரான கவலை: அங்கே ஈரம் குறைந்தால் தூளின் மேற்பரப்பு காய்ந்து கறுத்துவிடும் என்பதால் சுவரோரமாக ஈரச் சாக்குகளைத் தொங்கவிட்டுத் தரையிலும் தண்ணீர் தெளிப்போம். ஒரே கட்டடத்தின் ஓர் அறையில் காற்றை அடக்குவதும் இன்னோர் அறையில் அதனிடமிருந்து ஈரத்தைக் காப்பதுமாக இரவுமுறை கழியும்.

அதே வறட்சி வெளியே மானாப்புல் மலைகளில் நெருப்புக்குக் காத்திருக்கிறது. ஊவாவின் பத்தனைப் புல்வெளிகளும், அவற்றின் மேல் பிற்காலத்தில் நட்ட பைனஸ், யூக்கலிப்டஸ் காடுகளும் ஆண்டுதோறும் யூலைக்கும் செப்டெம்பருக்கும் இடையில் எங்காவது எரிகின்றன. எல்ல, ஹல்துமுல்லை, வெலிமடைப் பக்கங்களில் இரவில் மலைச்சரிவில் செந்நிறக் கோடு நெளிவதைக் காணாமல் ஒரு பருவம் போவது அரிது. பெரும்பாலான நெருப்புகள் மனிதர் வைத்தவையே: புதுப்புல் முளைக்கட்டும் என்று வைப்பது, தோட்டக் கழிவை எரிப்பது, அணைக்காத பீடித் துண்டு. அணைக்கப் போவோர் இரண்டு விடயங்களைத் தலைகீழாக நினைவில் வைக்க வேண்டும். நெருப்பு மேட்டை நோக்கித்தான் விரையும், பள்ளத்தில் இறங்க மெதுவாகும் என்று நாம் எல்லோரும் அறிந்து வைத்திருக்கிறோம். கச்சான் மலையிலிருந்து இறங்கும் காற்றாகையால் நெருப்பையும் தன்னோடு கீழே விரட்டிக்கொண்டு வரும். எனவே சரிவின் கீழ்ப்பக்கத்தில் நிற்பதைப் பாதுகாப்பென்று எண்ணக் கூடாது. எரிந்து முடிந்து கறுத்த நிலத்தின் வழியாகவோ பக்கவாட்டாகவோதான் நெருங்க வேண்டும். இரண்டாவது, இரவு. வழக்கமாகச் சூரியன் இறங்கியதும் காற்று அடங்கி ஈரம் ஏறி நெருப்பு சோம்பிவிடும். கச்சான் பலமாக இறங்கும் இரவில் சரிவுப் பகுதிகளில் காற்றும் அடங்காது, ஈரமும் ஏறாது. மாலையில் அணைந்ததென்று ஆட்கள் வீட்டுக்குப் போன இடத்தில் நள்ளிரவில் மீண்டும் பற்றியதை நான் பார்த்திருக்கிறேன். பைனஸ் ஊசிகளின் கீழ் நெருப்பு வெளித்தெரியாமல் கனன்றுகொண்டிருக்கும். மண்வெட்டியால் கிளறித் தண்ணீர் ஊற்றி, கையால் தொட்டுச் சூடில்லை என்று உறுதி செய்யும் வரை ஒருவராவது அங்கே தங்க வேண்டும்.

சுவிட்சர்லாந்தின் கிளாருஸ் நகரம் 1861 மே மாதத்தில் ஃபோன் காற்று வீசிய ஓர் இரவில் எரிந்து ஏறத்தாழ 600 கட்டடங்களை இழந்தது. அந்த நாட்டின் மலைப் பள்ளத்தாக்குகளில் இக்காற்று வீசும்போது ஊரே முறைவைத்து நெருப்புக் காவல் நிற்கும் வழக்கம் நீண்ட காலம் இருந்தது. நம் தோட்டங்களில் அப்படியொரு காவலை அமைக்கப் பெரிய செலவில்லை. தொழிலாளரின் வரிசை வீடுகளான லயத்துக்கும் புல்மலைக்கும் இடையே வைகாசி முடிவதற்குள் ஓர் அகலமான வெளியைச் செதுக்கி வைப்பதும், கச்சான் நாட்களில் ஓர் ஆள் இரவில் ஒருமுறை சுற்றி வருவதும் போதும். இளந்தேயிலையின் அடியில் ஈரம் காக்க மானாப்புல்லை மூடாக்காகப் பரப்புவது மிகவும் நல்ல வழக்கம், ஆனால் வீட்டோரப் பாத்திகளில் அதே மூடாக்கு திரியாகிவிடும் என்பதால் அங்கே அதைத் தவிர்க்கிறேன்.

கூரையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். இறங்கு காற்று ஒரே சீராக வீசுவதில்லை, குத்துக் குத்தாக வருகிறது. லயக் கூரைகளில் தகரத்தின் மேல் கல்லும் மணல் மூட்டையும் வைப்பது எங்கும் காணும் காட்சி. கல்லைவிட மணல் மூட்டை மேல். கல் உருண்டு விழுந்தால் கீழே குழந்தை நிற்கக்கூடும். ஆனால் கூரையைத் தூக்குவது பெரும்பாலும் மேலே செல்லும் காற்றும் உள்ளே புகும் காற்றும் சேர்ந்துதான். காற்றுப் பக்கத்துக் கதவைத் தாழிட்டு வைப்பதும், துருப்பிடித்த கொக்கி ஆணிகளை ஏப்ரலிலேயே மாற்றுவதும் அதிகப் பயன் தரும். யூக்கலிப்டஸ் மரத்தின் கீழ் முச்சக்கர வண்டியை நிறுத்துவதை அந்த மாதங்களில் நிறுத்திவிடுங்கள்.

பதுளையிலிருந்து செங்கலடிக்குப் போகும் வீதி ஏறக்குறைய காற்றின் வழியாகவே இறங்குகிறது. பசறை, லுணுகலை வரை குளிர் ஒட்டிக்கொண்டிருக்கும். பிபிலையைத் தாண்டினால் மரங்களின் நிறம் மாறிவிடும். மகாஓயாவில் பேருந்து நின்றால் யன்னல் வழியே வரும் காற்று முகத்தைக் காயவைக்கும். கரடியனாற்றில் வயல்வெளிக்கு மேல் புழுதி மிதக்கும். மட்டக்களப்பில் பகலின் போக்கைத் தீர்மானிப்பது கச்சானுக்கும் கடற்காற்றுக்கும் இடையிலான போட்டி. பிற்பகலில் கடற்காற்று கரையேறிவிட்டால் அன்றைய நாள் தப்பியது. கச்சான் பலமாக இருக்கும் நாளில் கடற்காற்றைக் கரைக்கு அப்பாலேயே தடுத்துவிடும், பொழுது சாயும் வரை வெக்கை இறங்காது. ஈரமான வெக்கையில் வியர்வை வழிந்து உடலின் நீரிழப்பை நமக்கு அறிவிக்கும். கச்சானில் வியர்வை தோன்றும் முன்பே ஆவியாகிவிடுவதால், உடல் உலர்ந்துபோனது தலைவலியாகவும் எரிச்சலாகவும் சிறுநீரின் கடுமஞ்சள் நிறமாகவும்தான் தெரியவரும். எனவே தாகத்துக்குக் காத்திராமல் நேரம் பார்த்துக் குடிக்க வேண்டும். முதியவர்களுக்கு நான் காலையிலேயே ஒரு போத்தலை நிரப்பிக் கையில் கொடுத்துவிடுவேன். மாலைக்குள் அது காலியாகியிருக்கிறதா என்று பார்ப்பது கேள்வி கேட்பதைவிட நம்பகமானது. செவ்விளநீர் நல்லது, வயிற்றோட்டம் அல்லது வாந்தி இருந்தால் ஜீவனி என்னும் உப்பு-சர்க்கரைக் கரைசல் கட்டாயம். மூக்கில் இரத்தம் கசியும் பிள்ளைகளுக்குத் தலையை முன்னால் சாய்த்து மூக்கின் மென்பகுதியை அழுத்திப் பிடிக்க வேண்டும். அண்ணாந்து படுக்கவைப்பது தவறு.

இந்தக் காற்றின் வறட்சியை நமக்கு உதவவும் வைக்கலாம். யன்னலில் தொங்கவிட்ட ஈரச் சாக்கும், நிழலில் காற்றுப்படும்படி வைத்த மண்பானையும் கச்சான் நாட்களில் தரும் குளிர்ச்சியை மார்கழியில் தரமாட்டா, ஏனெனில் அப்போது காற்றுக்கு நீரை ஏற்க இடமில்லை. கருவாடு போடுபவர்களுக்கும் நெல் தூற்றுபவர்களுக்கும் இது அருமையான பருவம். நெல் காயவைப்பதில் மட்டும் ஓர் எச்சரிக்கை: மிக விரைவாகக் காய்ந்த நெல் ஆலையில் குறுணையாக உடையும். மெல்லியதாகப் பரப்பாமல், அடிக்கடி கிளறி, உச்சி வெயிலில் சாக்கால் மூடிவிட வேண்டும்.

கடலைப் பற்றி நான் கற்றது மாமனாரிடமிருந்து. தென்மேல் பருவத்தில் மேற்குக் கரை கொந்தளிக்கும்போது கிழக்குக் கடல் அமைதியாகி, நீர்கொழும்பு, சிலாபம் பக்கத்து மீனவர்கள்கூட இங்கே வாடி என்னும் தற்காலிகக் குடில் போட்டுத் தங்கும் காலம் அது. காற்று நிலத்திலிருந்து கடலுக்கு வீசுவதால் கரையோரம் அலையில்லாமல் கண்ணாடியாகக் கிடக்கும். ஒருநாள் குளிக்க இறங்கிய என்னைக் கூப்பிட்டு அவர் சொன்னார்: “கரையில அலை இல்லையெண்டு கடல நம்பப்படாது, மருமகன். இண்டைக்கு இது தள்ளுற காத்து.” காற்று நீரின் மேல் ஓட ஓடத்தான் அலை வளர்கிறது, கரையில் தெரியாத அந்த வளர்ச்சி வெளிக்கடலில் தெரியும். இயந்திரம் நின்றுபோன சிறு படகும், காற்றடைத்த வளையத்தில் மிதக்கும் பிள்ளையும் கரைக்கு வரமாட்டா, வங்காள விரிகுடாவை நோக்கியே போகும். அந்த மாதங்களில் துடுப்பும் நங்கூரமும் இல்லாமல் தோணி ஏறுவதில்லை என்பது அவருடைய ஒழுங்கு. காற்றடைத்த மிதவைகளைக் கடற்கரைக்குக் கொண்டுபோவதில்லை என்பது எங்களுடையது.

கதிர்காமத்துப் பாதயாத்திரையும் ஆடித் திருவிழாவை ஒட்டி இதே காலத்தில்தான் நடக்கிறது. உகந்தை முருகனை வணங்கி, குமனை, யாலக் காடுகளின் வழியாகச் செல்லும் அடியார்கள் கும்புக்கன் ஆற்றுக்கும் மாணிக்க கங்கைக்கும் இடையே காய்ந்த ஓடைகளையும் முட்புதர்களையும் கடக்க வேண்டும். அனுபவமுள்ள சாமிமார் விடியுமுன் புறப்பட்டு, வெயில் ஏறுமுன் நிழல் பார்த்து அமர்ந்து, பிற்பகலின் பிற்பகுதியில் மறுபடி நடப்பார்கள். முதல்முறை போகிறவர்கள் காற்று வீசுவதால் களைப்புத் தெரியவில்லை என்று நண்பகலிலும் நடந்து, மாலையில் தசைப்பிடிப்பில் விழுகிறார்கள். தண்ணீரோடு சிறிது உப்பும் சேர வேண்டும், தலையும் கழுத்தும் பருத்தித் துணியால் மூடியிருக்க வேண்டும். அடுப்பு மூட்டிய இடத்தில் ஆற்றுமணலைக் கொட்டி மூடாமல் புறப்படவே கூடாது. அந்தக் காட்டில் சருகு பற்றினால் ஓடுவதற்கு வழியில்லை.

செப்டெம்பர் கடைசியில் முகட்டு முகில் மதில் அடிக்கடி உடையத் தொடங்கும், பிற்பகல்களில் இடி கேட்கும். கிணறுகளில் நீர் ஆண்டிலேயே மிகத் தாழ்ந்து நிற்கும் நேரம் அதுதான்; பல ஊர்களில் பவுசர் வண்டி கொண்டுவரும் தண்ணீருக்கு வாளிகள் வரிசையில் நிற்கும். அந்த ஓரிரு வாரங்களில் நாங்கள் கிணற்றை இறைத்துச் சேறு எடுத்து, உள்வட்டத்து வெடிப்புகளைச் சீமெந்தால் அடைத்து, குளோரீன் இட்டு மூடிவிடுவோம். வாடைக்காற்றோடு ஐப்பசி, கார்த்திகை மழை பிடித்துவிட்டால் மறு ஆவணி வரை அந்த வேலைக்கு இறங்க முடியாது.